மச்சான் தங்குவதற்கு ஹோட்டல் பார்த்த விபரம்

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் ஜெயகாந்தன் அவர்களுக்கு, முத்துலிங்கம் கைப்பட எழுதும் வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கச்சி பூரணியும் சுகம். மழையும் சுகமாகத்தான் இருக்கிறது, போன மாதம் வந்தது இன்னும் கிளம்பவில்லை. அங்கே திருச்சியில் தாங்களும், உங்கள் வீட்டம்மா அழகம்மா தங்கச்சியும், அவருடைய முழங்காலும் எப்படி என்று அறிய ஆசை. மருமகன் பிரதாப்புக்கும் அவர் கட்டியிருக்கும் புதுப் பெண்ணுக்கும், மருமகள் சுலக்ஷனாவுக்கும் அவருடைய இரண்டு வாலுகளுக்கும் எங்கள் ஆசி.

நிற்க. கங்காணியாக இருந்து நூறு பேரை மலையில் நிற்க வைத்தவன் என்பதால் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி மாப்ள, சரி மாப்ள" என்று நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். தலவாக்கலையில் சாமான் கடை வைத்திருக்கிற ஹசன் நானாவின் மகன் சப்ராஸ் இதைப் படம் பிடித்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவான். கடிதத்தை வெட்ட முடியாது, பாருங்கள்.

போன வாரம் தாங்கள் சொன்னது: "நாலு நாள் வர்றோம் மாப்ள. ரொம்பப் பெரிய ஹோட்டலும் வேணாம், சின்னதும் வேணாம், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கட்டும். எங்களுக்கு அமைதி வேணும், பிரதாப்புக்குப் புதுசா கல்யாணம், சுலக்ஷனாவுக்குப் புள்ளைங்க வெளையாட எடம் வேணும். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஒங்க வீட்ல எதுக்குச் சிரமம்?" இதில் கடைசி வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்பா அம்மாவோடு நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது பூரணி என்னைக் கட்டியிருந்த ஒரே காரணத்தால் இங்கே நின்றாள். நாற்பது வருசமாக அண்ணனை நேரில் பார்த்ததில்லை, போனோடு சரி. அப்பேர்ப்பட்ட மச்சான் வந்து, என் வீடு இருக்க, ஹோட்டலில் தங்கினால் இந்த லிந்துலையில் நான் எப்படி மச்சான் தலை நிமிர்ந்து நடப்பது? இப்போதே பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, "கங்காணியாரே, ஒங்க மச்சான் ஹோட்டல்லயாமே?" என்று வேலிக்கு மேலால் கேட்டுவிட்டாள். கேட்டது என்னைத்தான், ஆனால் கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

இருந்தாலும் கேட்டதைச் செய்யாதவன் என்ற பெயர் வரக் கூடாது என்று, சப்ராஸுடைய ஆட்டோவில் பூரணியையும் ஏற்றிக்கொண்டு மூன்று இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நியாயமாகவே பார்த்தேன். குறை இருந்தால் அது ஹோட்டலின் குற்றம்.

முதலாவது, உங்களுக்கும் அழகம்மா தங்கச்சிக்கும் என்று ஹட்டன் பக்கம் ஒன்று. அந்தக் காலத்துத் துரை பங்களா, இப்போது பெயின்ட் அடித்து ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போகக் கூடாது என்று நம் தோட்டத்து லீக்ஸ் ஒரு கட்டு பிடுங்கிக்கொண்டு போயிருந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கியதும், மச்சான், என் கால் அதுபாட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டது. நான் என்ன செய்வேன்? வேலை செய்த காலம் முழுக்கப் பங்களாவுக்குப் பின்வாசலால்தானே போயிருக்கிறேன், அதுவும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. சமையல்காரர் வந்து என் கையைப் பார்த்து "எளவளுத?" என்றார், சிங்களத்தில் மரக்கறியா என்று. ஆமாம் என்றேன், பொய்யா சொல்ல முடியும்? வாங்கித் தராசில் போட்டார். நாளையிலிருந்து தண்டு இன்னும் வெள்ளையாக இருப்பதாகப் பார்த்துக் கொண்டு வர வேண்டுமாம். மச்சானுக்கு ரூம் பார்க்க வந்தவன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ரூமெல்லாம் விருந்தாளிகளுக்கு, மரக்கறிக்காரர்கள் சாமான் அறையில் படுக்கலாம் என்று அன்பாகவே சொன்னார். கடைசியில் முன்பக்கம் சுற்றி வந்து பார்த்தால், உங்கள் தங்கச்சி எந்தக் கூச்சமும் இல்லாமல் முன்வாசலால் போய், துரை சாய்ந்து கிடக்கிற நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறாள்!

மேனேஜர் நல்ல பையன், மன்னிப்புக் கேட்டு எல்லாம் காட்டினான். ஆனால் அங்கே எல்லாரும் ரகசியம் பேசுவது போலப் பேசுகிறார்கள். உங்கள் குரலுக்கு அந்தக் கூரை தாங்காது. கட்டில் வேறு உயரம், தங்கச்சியின் முழங்காலுக்கு ஏணி வைக்க வேண்டும். இன்னொன்று. பூரணி, "தம்பி, அடுப்படி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அதற்கு அவன், "வந்தவங்களுக்கு அது தெரிய வேண்டியதில்ல அம்மா, அந்தப் பக்கமே வர வேணாம்" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு உங்கள் தங்கச்சி வாயே திறக்கவில்லை. மனசு நொந்துவிட்டது போல. அந்த ஹோட்டல் வேண்டாம்.

இரண்டாவது, பிரதாப்பின் புது ஜோடிக்கு என்று நுவரெலியாவில் ஒரு புது ரிசோர்ட். மலை தெரிகிற ரூம், மலை தெரியாத ரூம் என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள், மலை தெரிந்தால் கூடக் காசு. மலை தெரிகிற ரூமில் போய் நின்றால் வெளியே ஒரே பனி, என் கையே எனக்குத் தெரியவில்லை. "மலை எங்கம்மா?" என்றேன். கூட வந்த பிள்ளை, "அதுக்குப் பின்னால இருக்கு சேர்" என்றது. அதையாவது விடலாம். குளிக்கிற அறைக்குச் சுவர் இல்லை மச்சான்! கண்ணாடி! கட்டிலில் இருந்து பார்த்தால் உள்ளே இருக்கிற எல்லாம் தெரிகிறது. எல்லாம் என்றால் எல்லாமும்தான். கட்டி முடிக்கக் காசு பற்றவில்லையா என்று கேட்டேன். சப்ராஸ் என் சட்டையை இழுத்து, "அங்கிள், இதுதான் இப்ப ஸ்டைல், புதுசா கட்டினவங்களுக்கு" என்றான். புதுசா கட்டினவர்களுக்குத்தான் மச்சான் கொஞ்சநாளைக்காவது மரியாதை மிச்சம் இருக்க வேண்டும். ரிமோட்டை அமுக்கினால் திரை இறங்குமாம். அமுக்கிக் காட்டினார்கள். டிவிதான் ஓடியது.

மூன்றாவது, சுலக்ஷனாவின் பிள்ளைகளுக்கு. கொழுந்து அரைத்த பழைய தேயிலை ஸ்டோரை ஹோட்டல் ஆக்கியது. நீச்சல் குளம் உண்டு, ஊஞ்சல் உண்டு, அதோடு பிள்ளைகளுக்கு வேட்டி சேலை கட்டிவிட்டுத் தலையில் கூடை மாட்டிக் கொழுந்து பறிக்க விடுகிறார்கள். அதற்குக் காசு கட்ட வேண்டும்! நம் பிள்ளைகள் எதைச் செய்யக் கூடாது என்று மாரியம்மனிடம் மண்டியிட்டோமோ அதைக் காசு கட்டிச் செய்யச் சொல்கிறார்கள். இதை யோசித்துக்கொண்டு தோட்டத்து ஓரமாக மேசையில் உட்கார்ந்து பூரணியோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து ஊதினார்கள் மச்சான், வேலைக்குக் கூப்பிடுகிற ஸ்டோர்ச் சங்கை! வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டத்தான் ஊதியிருக்கிறார்கள், ஆனால் எனக்கு அது தெரியுமா? கப்பை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். மலையில் பார்த்தால் ஒரு கூட்டம், வெள்ளைக்காரர், கொழும்புக்காரர் எல்லாம் சேலையும் கூடையுமாகக் கோணல் மாணலாக நிற்கிறார்கள். நிரை என்று ஒன்று இல்லை. ஒரு ஆள் பிடுங்குவது அத்தனையும் முத்தல். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துவிட்டது. "ஏய், அந்தக் கடைசி ஆளு! என்ன எல இது, மாட்டுக்கா புடுங்குற? நெரைக்கு வா! பேச்சு என்ன பேச்சு அங்க? கூடையக் கொட்டு பார்ப்போம்!"

ஒரு வெள்ளைக்காரர் பயந்து கூடையைக் கொட்டியே விட்டார். மற்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நான் ஏசுவதும் அந்தக் காசுக்குள் அடங்கும் என்று நினைத்திருக்கிறார்கள். என்னோடு நின்று படம் எடுத்தார்கள், ஒரு அம்மா தன்னைத் தனியாக ஒரு முறை ஏசச் சொன்னார். கடைசியில் மேனேஜர் வந்து, "சனிக்கிழமையில வாங்க, ஏசிட்டுப் போங்க, சம்பளம் தர்றோம்" என்கிறார். தோட்டத்தில் இதே வாய்க்காக என் மேல் சங்கத்தில் பெட்டிசம் போட்டார்கள். இவ்வளவு கூத்து நடக்கிறது, உங்கள் தங்கச்சி மேசையை விட்டு எழும்பவே இல்லை. ஒரு பையன் இரண்டாவது கேத்தலும் கொண்டு வந்து வைத்து, ஊற்றியும் கொடுக்கிறான், இவள் வாங்கிக் குடிக்கிறாள். கால் வலியாக இருக்கும்.

ஆகவே மச்சான், மூன்றும் பார்த்தாகிவிட்டது, மூன்றும் சரிவராது. இனி நான்காவதைக் கேளுங்கள். நம்ம வீடு. லயம் இல்லை, தனி வீடு. நீங்கள் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் உட்காருகிற கொமட் வைத்துப் புது பாத்ரூம் கட்டிவிட்டேன், நான்கு பக்கமும் சுவர். தண்ணீர் மலை ஊற்றுப் பீலியிலிருந்து குழாயில் வருகிறது, அம்மாக்கண்ணுவின் மாடு குழாயை மிதிக்காத நேரமெல்லாம் வரும். பனி இலவசம். சத்தமாகப் பேசலாம். பிள்ளைகள் கூடை தூக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு என்ன பயம்? பூரணி இருக்கிறாள். காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும், பகலைக்கு நாட்டுக் கோழி, பின்னேரம் வடை, இரவைக்கு இடியப்பம், அழகம்மா தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை தனியாக மரக்கறி. நானும் நீங்களும் முன்னுக்கு உட்கார்ந்து ஆற அமரப் பேசுவோம். நான்கு நாளும் உங்கள் தங்கச்சி அடுப்படியை விட்டு வெளியே வராமல் உங்களைக் கவனிப்பாள், அதற்கு நான் பொறுப்பு.

பெட்டி படுக்கையோடு நேரே லிந்துலைக்கே வந்து சேரவும். அம்மாக்கண்ணு உட்பட எல்லாரும் பார்க்கும்படி பகல் நேரத்தில் வரவும். நம் காவல் சாமி ரோதமுனி துணையிருப்பார், மாரியம்மன் வழி காட்டுவாள். பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு முத்தம்.

இப்படிக்கு, உங்கள் வரவுக்காகப் புது பாத்ரூமை இன்னும் பூட்டியே வைத்திருக்கும்,
முத்துலிங்கம்.

பி.கு.: சப்ராஸிடம் கொடுக்குமுன் இதைப் பூரணிக்கு வாசித்துக் காட்டினேன். லீக்ஸ் இடத்தில் சிரித்தாள். ஏசின இடத்தில் நன்றாகவே சிரித்தாள். கடைசிப் பந்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கண்ணன் நாப்பது வருசம் கழிச்சு வருது. நீங்க ரெண்டு பேரும் முன்னுக்கு ஒக்காந்து பேசுவீங்க. நான் நாலு நாளும் உள்ளுக்க ரொட்டி தட்டணும். அண்ணன் போன பொறகு, அது சாப்பிட்ட பிளேட்டத்தான் நான் பார்த்திருப்பேன். நானும் எங்கண்ணனும் எப்பங்க பேசுறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஏசுவதற்கு ஊரே கூப்பிடுகிற இந்த வாயால், பங்களாவில் ஏன் பேசாமல் இருந்தாய் என்று நானும் மெதுவாகவே கேட்டேன் மச்சான். அந்தப் பங்களாவில் அவள் மனசு நொந்து பேசாமல் இருக்கவில்லையாம், சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாம். ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் வாசிக்கவில்லை. துரை பங்களாவிலேயே எல்லாருக்கும் எடுத்துவிடவும், கட்டிலுக்கு ஒரு முக்காலி நான் கொண்டு வருகிறேன், முன்வாசலாலேயே வருகிறேன். அம்மாக்கண்ணுவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கும் ஒரு ரூம் சேர்த்துப் போடுங்கள். அடுப்படிக்குத் தூரமாக.