கஞ்சி போட்ட பேண்ட்டும் பதினேழு வத்தைகளும்

நடப்பதற்குக் கால் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் அதிக தூரம் நடந்ததில்லை என்று அர்த்தம். நடையைத் தீர்மானிப்பவை தொடைகள். அவை இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்கும்வரை மனிதன் எத்தனை மைல் வேண்டுமானாலும் போகலாம். உரசல் தொடங்கிவிட்டால் அடுத்த தெருகூட வெளிநாடுதான். இத்தனைக்கும் நான் பௌதிகம் படித்தவன். உராய்வு விசை பற்றி மூன்று பக்கம் எழுதி, பதினைந்துக்குப் பதினான்கு மதிப்பெண் வாங்கியவன். (விட்டுப்போன அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் விஷயமே இருந்திருக்கிறது.)

எனக்கு ஊர் நயினார்கோவில் பக்கம். மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், கல்லூரி போனவன், பேண்ட் போட்டவன் எல்லாம் நான் ஒருவனே. படித்து முடித்து ஓராண்டு சும்மா இருந்த பிறகு ஒரு அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கடற்கரையோரமாக ஊர் ஊராக நடந்து, நாட்டுப் படகுகளை எண்ணி, நீளம் அளந்து, உடையவர் பெயரோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். "எம்மகன் கடல எண்ணப் போறான்" என்று அய்யா டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார்.

வேலையில் ஒரு கண்டிப்பு இருந்தது. கொடுத்த பகுதியைக் கொடுத்த நாளில் முழுதாக எண்ணி முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு முன்னால் சேர்ந்த இருவரின் பெயர் முதல் வாரத்திலேயே போய்விட்டது. ஒழுங்காக முடித்தால் வேலை நீளும், நிரந்தரமாகவும் வழியுண்டு. என் முதல் பகுதி தேவிபட்டினத்தில் தொடங்கித் தெற்கே பதினான்கு கிலோமீட்டர்.

அம்மாவுக்கு இது போதாதா? ஆபீசில் இருப்பவர்களின் துணி மொடமொடவென்று இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோறு வடித்த கஞ்சியைக் கெட்டியாக எடுத்து, சட்டையையும் புதுப் பேண்ட்டையும் முக்கி எடுத்தாள். எதற்குப் போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் பனியனுக்கும் போட்டாள். உள்ளே போடும் ஜட்டிக்கும் போட்டாள். காய்ந்த பிறகு பேண்ட்டைச் சுவரோரம் வைத்தேன், அது தன்பாட்டுக்கு நின்றது. முந்தின நாள் மாலை கிளம்பும்போது "நல்லா வெறைப்பா இருக்காப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமைதான்.

தேவிபட்டினத்தில் ஒரு அறையில் தங்கி, விடியற்காலை ஐந்தரைக்குக் கரைக்குப் போனேன். வழிகாட்டத் துணையாளாக அமர்த்தியிருந்த சாகுல் அங்கே காத்திருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டு, கடலுக்குப் போவதும் கருவாடு சுமப்பதுமாக இருந்தவன். நான் முடிக்க வேண்டிய கடைசி ஊர்தான் அவன் ஊர். வெளுத்துப்போன பழைய லுங்கி, தோளில் துண்டும் ஒரு துணிப்பையும், கையில் ஒரு மூங்கில் கழி. ஓடைகளைக் கடக்கும்போது ஆழம் பார்க்க. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சார் எதுவும் கல்யாணத்துக்குப் போறியளா?"

அரசு வேலை என்றால் அப்படித்தான் என்று விறைப்பாகச் சொன்னேன். (விறைப்புக்கு அன்று பஞ்சமே இல்லை.) அவன் ஒரு படகின் மறைவுக்குப் போய்வந்தான். கையில் சின்ன மருந்துக் குப்பி, அதில் தேங்காய் எண்ணெய். தடவிக்கொள்கிறீர்களா என்று என்னிடம் நீட்டினான். தலைக்கு வைத்துவிட்டேன் என்றேன். "தலைக்கு இல்ல சார், தொடைக்கு" என்றான். ஒரு பட்டதாரியிடம் இப்படிப் பேசலாமா என்று நினைத்துக் கரையோரமாக நடக்கத் தொடங்கினேன்.

முதல் ஒரு மணி நேரம் சத்தம் மட்டும்தான். சரக், சரக். சாக்கு மூட்டையை யாரோ பின்னால் இழுத்து வருவது போலிருக்கிறது என்று சாகுல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது மணி நேரத்தில் ஓர் ஓடை குறுக்கிட்டது. அவன் லுங்கியைத் தூக்கித் தலையில் சுற்றிக்கொண்டு, பட்டாபட்டி டவுசரோடு கடந்தான். நான் பேண்ட்டோடு இறங்கினேன். இடுப்பளவு உப்புத் தண்ணீர்.

அக்கரையில் அவன் வைத்திருந்த நல்ல தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் காலையும் இடுக்கையும் அலம்பி, துண்டால் ஈரம் போகத் துடைத்து, இன்னொரு முறை எண்ணெய் தொட்டுக்கொண்டான். குடிக்கிற தண்ணீரை வீணாக்குகிறானே என்று நினைத்தேன். அவனுடைய டவுசரைப் பார்த்து இன்னும் இரக்கப்பட்டேன். பாவம், அவசரத்தில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தான். தையல் மடிப்பெல்லாம் வெளியே தெரிந்தது.

என் நிலைமையைச் சொல்கிறேன். கஞ்சி ஊறிப் பசையானது. பசையில் மணல் ஒட்டியது. வெயில் ஏற ஏற அது காய்ந்தது. மரத்தை இழைக்கத் தச்சர்கள் உப்புத்தாள் வைத்திருப்பார்களே, அதில் இரண்டு கஜம் வாங்கிக் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் தோல் ஒரு சுற்றுக் குறைந்தது. உள்ளே இருந்ததன் ஓரத்தையல் தனிக் கணக்கில் அறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களை அகட்டினேன். பிறகு இன்னும் அகட்டினேன். வழியில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தம்பி குதிரையிலயா வந்திய?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

செருப்பு கடிக்கிறது என்று சாகுலிடம் பொய் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். அப்புறமும் அப்படியே நடந்தேன். அவன் தன் நடையைக் குறைத்துக்கொண்டான்.

இடையில் இருந்த ஊர்களில் படகுகள் கொஞ்சம்தான், எண்ணிவிட்டேன். கடைசி ஊர்தான் பெரியது. அங்கே பதினேழு வத்தைகள். வத்தை என்பது பாய் கட்டிய சிறு படகு. அவை விடியலில் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பும். மறுபடி ஒரு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் கரை. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் போய் அளந்தாக வேண்டும். நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் ஜீப்பில் அங்கே வந்து பதிவேட்டைப் பார்ப்பார்.

நான் அந்த ஊரின் எல்லையை எட்டியபோது மணி ஒன்றரை. வெள்ளைப் பாய்கள் கடலில் தூரத்தில் தெரிந்தன. கரையில் ஒரு வத்தைகூட இல்லை. மணல்மேட்டில் இருந்த ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்தேன். (உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்கு.) கடலை எண்ணப் போன மகன் முதல் நாளே திரும்பி வந்தால் அய்யா எந்த டீக்கடை வழியாக நடப்பார் என்று யோசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தொடைக்காகவா வேலைக்காகவா, தெரியவில்லை.

"சார், பேண்ட்டக் கழட்டுங்க" என்றான் சாகுல்.

"ஒண்ணுமில்ல."

"ஓடையத் தாண்டுனதுலேருந்து பாக்குறேன். ஒண்ணுமில்லாதவன் இப்படி நடக்க மாட்டான். தோல் வழண்டு போச்சு, அம்புட்டுத்தானே? இதுல என்ன வெக்கம்? கடலுக்குப் போற எல்லாருக்கும் ஒருவாட்டி வந்ததுதான்."

மடித்து வைத்திருந்த இன்னொரு லுங்கியை என் மடியில் போட்டான். நூறு முறையாவது துவைத்த துணி, பூனைக்குட்டியின் வயிறு போல இருந்தது. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய் வைக்க வேண்டும், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனான்.

தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் லுங்கியோடு கண்காணிப்பாளர் முன் நிற்பதா? நாலு மணிக்குள் பேண்ட்டைக் காயவைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. கடலில் அலசிப் பிழிந்தேன். சாகுல் வைத்துவிட்டுப் போன மூங்கில் கழியின் நுனியில் இரண்டு காலையும் முடிச்சுப் போட்டுக் கட்டி, காற்று நன்றாகப் பட வேண்டுமென்று மணல்மேட்டின் உச்சியில் நட்டேன். கருநீலப் பேண்ட் படபடவென்று பறந்தது. அன்று நான் திருப்தியாகச் செய்த முதல் காரியம்.

குடத்தோடு வந்த சாகுல் அதைப் பார்த்து நின்றான். குடத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எறக்குங்க சார்."

"இன்னும் காயலயே."

"ஊருல மவுத்து, சாவு, பெரிய ஆபத்துன்னாத்தான் இந்த மேட்டுல இப்படித் துணி கட்டுவோம். கடல்ல இருக்குறவங்க திரும்பி வரணும்னு."

திரும்பிப் பார்த்தேன். ஒரு பாய் திரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. பதினேழும் கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டன. கழியைப் பிடுங்கிப் போட்டும் பயனில்லை. ஊருக்குள்ளிருந்து பெண்கள் யார் வீடு, யார் வீடு என்று கேட்டபடி ஓடி வந்தார்கள். என் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வலையை அறுத்துப் போட்டுவிட்டு வருகிற அத்தனை பேரும் தன் வீட்டில்தான் சாவு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள், என்னுடைய பேண்ட்டைப் பார்த்து.

முதல் வத்தை கரை தொடும் முன்பே ஒருவர் தண்ணீரில் குதித்து ஓடி வந்தார். சாகுலின் தாய்மாமா காசிம். முகத்தில் இரத்தமே இல்லை. சாகுலின் இரு தோள்களையும் பிடித்தார். "யாருடா?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல மாமா. நாந்தான் புத்தியில்லாமக் கட்டிட்டேன்."

அவர் கை ஓங்கியதைப் பார்த்தேன். அடி என்மேல் விழவேண்டியது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தைரியமான காரியம் அடுத்து வந்தது. "கட்டுனது நான்தாங்க" என்றேன். அதற்குள் எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள். அப்புறம் நடந்தது விசாரணை. எதற்குக் கட்டினாய், காயப்போட. எதற்குக் காயப்போட வேண்டும், நனைந்துவிட்டது. எதற்குக் கழற்றினாய் என்ற கேள்வியில் நான் நின்றுவிட்டேன். ஐம்பது அறுபது பேர், பாதிப் பேர் பெண்கள். சொன்னேன். கஞ்சி வரைக்கும் சொன்னேன்.

காசிம் மாமா ஒரு கேள்விதான் கேட்டார்.

"உள்ளுக்குமா கஞ்சி?"

"உள்ளுக்கும்தாங்க."

பின்வரிசையில் யாரோ தொடங்கினார்கள். அலை போல முன்னால் வந்தது. மணலில் உட்கார்ந்து சிரித்தவர்கள் உண்டு. மாமாதான் கடைசியில் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார், துடைத்தது நிற்கவே இல்லை. யாரும் சாகவில்லை என்ற சந்தோஷத்தை அவ்வளவு பக்கத்தில் அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

அரை நாள் மீனை இழந்தவர்கள் அவர்கள். என்னைக் கடலில் தள்ளியிருந்தால்கூட நியாயம்தான். சாகுல்தான் பேசினான். வந்தது வந்துவிட்டீர்கள், ஆபீசர் எண்ணிவிட்டுப் போகட்டும் என்றான். அவர்களும் வரிசையாக வத்தையை இழுத்துப்போட்டு, அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்து, பெயரைச் சொன்னார்கள். நான் கழுவி, உலர்த்தி, எண்ணெய் வைத்து, சாகுலின் லுங்கியில் நின்று எழுதினேன். உரசல் இல்லாமல் நான்கு அடி எடுத்துவைத்தபோதுதான் அவன் செய்ததெல்லாம் வரிசையாகப் புரிந்தது. பழைய துணி, உரசல் வருவதற்கு முன்பே எண்ணெய், ஈரத்தை உடனே துடைப்பது. அந்த டவுசர்கூட அவசரத்தில் திரும்பியதில்லை, தையல் தோலில் படாமலிருக்க அவனே திருப்பிப் போட்டது. உராய்வு விசையில் அவன் வாங்கியது பதினைந்துக்குப் பதினைந்து. இன்றுவரை நான் நீண்ட நடைக்குக் கிளம்பினால் உள்ளாடை திரும்பித்தான் இருக்கும். யாரும் பார்க்கப் போவதில்லை.

நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் வந்தார். கரையில் பதினேழு வத்தைகள், பதிவேட்டில் பதினேழு பெயர்கள். தொழில் நேரத்தில் இவ்வளவு பேரையும் எப்படிக் கரைக்கு வரவழைத்தாய் என்று வியந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சாகுல், "பேண்ட்டக் காட்டுனாரு சார், வந்துட்டாங்க" என்றான். அவர் என் லுங்கியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வேலை நீண்டது. பின்னால் நிரந்தரமும் ஆனது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். இரண்டு வருஷம் கழித்து, சாகுல் சவூதி போயிருந்த சமயம், அவன் தங்கைக்குப் பிரசவ வலி கண்டு, துணைக்கு ஆண்கள் இல்லாமல் அதே மேட்டில் துணி கட்டியிருக்கிறார்கள். கடலில் இருந்த காசிம் மாமா பார்த்துவிட்டு, "அந்த ஆபீசரு மறுபடி வந்துட்டான்டா, நீங்க வலைய இழுங்க" என்று சொல்லியிருக்கிறார். சாவகாசமாக மாலையில் வந்து சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து, குளித்து, தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதன் பெயர் ஜன்னத். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

நான் அலுவலகத்தில் இத்தனை வருஷமாக இளநிலை உதவியாளர்தான். எங்கள் அய்யாவைத் தவிர யாரும் என்னை ஆபீசர் என்று அழைத்ததில்லை. போன மாதம் வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். கரையில் நடந்துகொண்டிருக்கையில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஆபீசரு, சோறு ஆறுது, வா" என்று கூப்பிட்டது. வேண்டாம் என்று சொல்வதற்காகப் பெருமையோடு திரும்பினேன். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி புத்தகப் பையோடு "வந்துட்டேன்" என்று என்னைத் தாண்டி ஓடினாள்.