செய்வினை கண்ட ஹெலிகாப்டர்

இரண்டாயிரத்து நாலில் நாகலாபுரம் பக்கம் ஒரு சாமி வந்து இறங்கினார். பெயர் மாயகிருஷ்ணன். உடுக்கை, வேப்பிலையெல்லாம் பழைய சாமான் என்று ஒதுக்கிவிட்டு, ரிமோட்டில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரோடு வந்த நவீன சாமி. வீட்டுக்கு மேலே அது அசையாமல் நின்றால் வீடு சுத்தம். உதறினால் உள்ளே செய்வினை.

"பறக்க வைக்கது ரிமோட்டு. உதற வைக்கது பேயி" என்றார். அதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்? தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் லீவு போட்டு வந்து கும்பிட்டார்கள்.

ஆடு வளர்க்கும் சங்கரபாண்டிக்கு அந்த வாரம் ஒரு கிடா செத்திருந்தது. அவர் வீட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் குளிர்சுரம் கண்டது போல உதறியது. சாமி மருமகள் பானுவை நோக்கி விரலை நீட்டினார்.

"இவ கால் வச்சுத்தான் கிடா செத்துச்சு. நாளைக்கே தாய்வீட்டுக்கு அனுப்பு. மிச்சக் கிடாயெல்லாம் என் வேன்ல ஏத்து, பரிகாரம் பண்ணுதேன்."

பேய்க்குக்கூட கறிதான் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

மாமியார் சுடலையம்மாள் மருமகளின் சேலைகளைப் பையில் திணித்தாள். பானு கைப்பிள்ளையோடு விக்கி விக்கி அழுதாள்.

"ஏட்டி, கிடா மருந்தடிச்ச பருத்தியத் தின்னு செத்துச்சு. அதுக்கு இவ என்ன செய்வா?" என்றார் சங்கரபாண்டி.

"ஹெலிகாப்டர் பொய் சொல்லுமாக்கும்?" என்றாள் அவள்.

சங்கரபாண்டி யாரையும் லேசில் நம்புகிற ஆளில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு மேலே அது பறந்ததையும் பார்த்திருந்தார். அங்கே பூஜையும் இல்லை, உதறலும் இல்லை. தன் வீட்டு முன்னால் மட்டும் சிவப்புத் துணி மறைப்புக்குள் ரகசியப் பூஜை. பேய் வீட்டுக்குள் இருக்கும்போது துணிக்குள் என்ன வேலை?

மறுநாள் மிளகாய்க் களத்தில் ஊர் கூடியது.

"மருமகள அனுப்புதேன் சாமி. இன்னொரு மட்டம் எல்லாரும் பாக்கப் பறக்க விடும்" என்றார் சங்கரபாண்டி.

சாமி துணிக்குள் போய்ப் பூஜையை முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"முதல்ல உம்ம வேனுக்கு மேல நிறுத்தும். சுத்தமான இடத்துல எப்படி நிக்குன்னு பாப்போம்" என்றார் சங்கரபாண்டி.

சாமிக்கு முகம் வெளுத்தது. "தெய்வத்தச் சோதிக்கப்படாது!"

"உம்ம வேனத்தான ஓய் சோதிக்கேன்?"

"நியாயந்தான" என்றது கூட்டம். வேறு வழியில்லாமல் பறக்க விட்டார். வேனுக்கு மேலேயும் அதே உதறல். உதறின உதறலில் றெக்கை தன் வாலையே வெட்டிக்கொண்டு, காயப்போட்ட வற்றலுக்குள் விழுந்தது. மிளகாய்த் தூள் பறந்து ஊரே தும்மியது. செய்வினை எடுக்க வந்த சாமிக்குத் தும்மலை நிறுத்த மந்திரம் தெரியவில்லை.

சங்கரபாண்டி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு போய் ஹெலிகாப்டரைத் தூக்கினார். றெக்கை லொடலொடவென்று ஆடியது. றெக்கையை இறுக்கிப் பிடிக்கிற அச்சிலிருந்து காய்ந்து வெடித்த ரப்பர் வளையங்கள் உதிர்ந்தன. துணி மறைப்பைப் பிடுங்கினார். உள்ளே பூஜைத் தட்டில் குங்குமத்துக்கு நடுவே ஸ்குரூடிரைவர். பக்கத்தில் அதே அளவில் புது ரப்பர் வளையங்கள். அவற்றை எடுத்து மாட்டினார். றெக்கை ஆட்டம் நின்றது.

"நல்லதப் போட்டா வீடு சுத்தம். நைஞ்சதப் போட்டா செய்வினை. இதாம்ல இவன் பூஜை!"

சுடலையம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் பையிலிருந்த சேலைகளை வெளியே எடுத்தாள்.

கண்ணைக் கசக்கி நின்ற ஊரைப் பார்த்து, கையிலிருந்த வெடித்த வளையத்தைச் சங்கரபாண்டி தூக்கிக் காட்டினார்.

"இது காஞ்சிட்டுன்னா கடையில வேற வாங்கலாம். ஒங்க மண்டைக்குள்ள காஞ்சு கெடக்கதுக்கு எந்தக் கடைக்குலே போவிய?"