மூன்றாவது தட்டுச் சர்க்கரை

செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிழையை இன்னொருவன் தலையில் கட்டினேன். அதனால் அவன் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. ஆயுதம், ஃபோர்ட்ரான். (அந்தக் கம்ப்யூட்டர் மொழியால் ஒரு சம்பந்தத்தைக் கெடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மைசூரில் பாசனக் கால்வாய்களுக்குக் கணக்குப் போடும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் மூத்த புரோகிராமர். எனக்குக் கீழே இருந்த மாதேசன் கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளிக்காரன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் பல புரோகிராம்கள் ஒரே சமயத்தில் ஓடும். அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக, ஷேர்டு மெமரி என்று நினைவகத்தில் ஓரிடம் உண்டு. ஒரு புரோகிராம் அங்கே எழுதி வைத்தால் மற்றது எடுத்துக்கொள்ளலாம். கணக்கிட்டு எழுதுவது என் புரோகிராம். அதைப் படித்துத் திரையில் காட்டுவது மாதேசனுடையது.

'கால்வாய்' என்று நானே ஒரு தரவு அமைப்பை உருவாக்கியிருந்தேன். பெயர், நீளம், மதகுகள் எல்லாம் அதற்குள். பெற்ற பிள்ளையைப் போல அதைக் கொஞ்சிக்கொண்டு திரிந்தேன். மதகுகளின் எண்ணிக்கை கால்வாய்க்குக் கால்வாய் மாறும். ஆகவே மதகு அளவுகளை என் புரோகிராமின் சொந்த இடத்தில் வைத்துவிட்டு, அவை இருக்கும் முகவரியை மட்டும் அமைப்புக்குள் வைத்து, அமைப்பைப் பொது இடத்தில் போட்டேன். நானே எழுதி, நானே படித்துப் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது. (தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தினால் யார்தான் ஃபெயில் ஆவார்கள்?)

வெள்ளிக்கிழமை, வெளியூர் இன்ஜினியர்கள் முன்னால் மாதேசன் தன் புரோகிராமை ஓட்டினான். திரையில் ஒரு மதகு சாமுண்டி மலையைவிட உயரமாகத் திறந்துகொண்டது. இன்னொன்று பாதாளத்துக்கு இறங்கியது. பிறகு புரோகிராமே பிராணனை விட்டது.

"இதன்ன யாரு பரெதித்து?" யார் எழுதியது என்று டைரக்டர் கன்னடத்தில் கேட்டார்.

கோளாறு என் பக்கமாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியும், படிக்கும் பக்கம் மாதேசனுடையது என்றேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதற்காகத்தான் இத்தனை வருடமாக வெட்கப்படுகிறேன்.

மாதேசன் என்னைப் பார்த்தான். சரியாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது என்று அவனிடம் சொல்லிவிட்டு டைரக்டர் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவன் ஹனூருக்குப் பெண் பார்க்கப் போகவேண்டியிருந்தது.

சனிக்கிழமை இருவருமாகத் தேடியதில் பிழை என்னுடையது என்று தெரிந்தது. டைரக்டருக்கு அப்போதே போன் செய்திருக்கலாம். திங்களன்று நேரில் சொல்வதுதான் மரியாதை என்று முடிவு செய்தேன். (கோழைகளுக்கு மரியாதை ரொம்ப முக்கியம்.) அவனும் ஞாயிறு முழுக்க என்னோடு உட்கார்ந்து அதைத் திருத்தினான்.

அன்று காலை பெண் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டிராக்டர் கடைக்குப் போன் செய்து, ஆபீசில் ஒரு தப்பு நடந்துவிட்டது, வர முடியவில்லை என்று சொல்லச் சொன்னான். கடையிலிருந்து அது பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளை ஆபீசில் தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டார், வெளியே விடவில்லை என்று ஆகியிருந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது.

திங்களன்று டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பொறுப்பைப் பிடுங்கி மாதேசனிடம் கொடுத்தார். நியாயம்தான். அங்கிருந்து நேராகக் கொள்ளேகால் போய், பஸ் மாறி ஹனூரில் இறங்கினேன்.

பெண்ணின் அப்பா விவசாயி. வெள்ளிக்கிழமை அந்த அறையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, பிழையை அவருக்குச் சுலபமாக விளக்குவதாக நினைத்து ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டு அலமாரியில மூணாவது தட்டுல சர்க்கரை இருக்குன்னு வைங்க. எல்லாரும் எடுக்கட்டும்னு பொதுவா ஒரு மேஜை போட்டேன். மேஜையில சர்க்கரையை வைக்காம, 'மூணாவது தட்டு'ன்னு சீட்டு எழுதி வச்சுட்டேன். பாவம், மாதேசன் அவன் வீட்டு மூணாவது தட்டுல கையை விட்டான். அங்க எலி மருந்து."

அவர் முகம் மாறியது. "மாப்பிள்ளை வீட்டுல எதுக்குங்க எலி மருந்து?"

எலிக்கு என்றேன். (என் வாயை அங்கேயே தைத்திருக்கலாம்.) அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கதவோரம் நின்றிருந்த பெண், கௌரி, அப்போதுதான் பேசினாள். "தப்பு உங்களுதுன்னு அவருக்குத் தெரியுங்களா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் உங்களைக் காட்டிக் குடுக்கலைங்களா?"

"இல்லம்மா."

"இதைச் சொல்ல இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. அன்னிக்கு அந்த ரூமுக்குள்ளயே சொல்லியிருந்தா நடக்கக்கூட வேண்டியதில்லீங்களே."

அவள் அப்பாவிடம் திரும்பி, "அவரை வரச் சொல்லுங்கப்பா" என்றாள்.

வந்தான். கல்யாணமும் நடந்தது. அன்று முதல் அந்த வீட்டில் எது கெட்டாலும் பழி எனக்குத்தான். கரண்ட் போனாலும், இட்லி கல்லாகப் போனாலும், "பெரியப்பா வேலையா இருக்கும்" என்பார்கள் அவர்கள் பிள்ளைகள். நானும் உடனே, அதே அறையிலேயே, ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் அங்கே போனபோது காபியில் சர்க்கரை இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்றேன்.

"மூணாவது தட்டுல இருக்குதுங்கண்ணா, நீங்களே எடுத்துக்குங்க" என்றாள் கௌரி.

எந்த வீட்டு மூன்றாவது தட்டு என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்தேன்.