மாமனார் சாப்பிட்ட வல்லாரை

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வாயால் ஒருமுறை மாமனாரைக் கொல்லப் பார்த்தேன்.

தொண்ணூற்று மூன்றோ நாலோ. கல்யாணமாகி முதல் ஆடி நோம்பி, புது மாப்பிள்ளைக்கு விருந்து. மாமனார் வீடு கிணத்துக்கடவில். நான் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு டெம்போவில் காய் ஏற்றி வருபவன். அழைக்க வந்த அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார்: “மாமாவுக்கு மறதி சாஸ்தியாப் போச்சுங்க. மலைல வல்லாரை கெடச்சா கொண்டாங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

“தெரியாமங்களா?” என்றேன்.

நான் அன்னூர்ப் பக்கத்து வறக்காட்டுக்காரன். வல்லாரையைக் கண்ணால் கண்டதில்லை. வட்ட இலை, ஈரத்தில் வளரும் என்று கேள்வி. அவ்வளவுதான்.

கோத்தகிரியில் ஒரு பங்களா வேலியிலிருந்து இறங்கிப் பள்ளம் முழுக்கப் படர்ந்து கிடந்தது. வட்ட இலை. ஈரம். பை நிறையப் பறித்தேன்.

நோம்பியன்று அத்தை துவையல் அரைத்தார். மாமாவுக்கு மட்டும். “மருந்துங்க, மத்தவங்க தொட வேண்டாம்.” மாமா முதல் வாய் வைத்ததும் கண் கலங்கியது. மூக்கைத் துடைத்தார்.

“எப்படிங்க மாமா?”

“நல்லா இருக்குதுங்க மாப்ள.” கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

என் மனைவி பையைக் கொண்டு வந்தாள். அடியில் ஒரு ஆரஞ்சுப் பூ. “வல்லாரைல இப்படிப் பூ வருமாங்க?”

பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். (சாப்பிட்டவர் நிம்மதியாகத் தூங்கினார்.) கட்டில் அருகே போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. பிறகு வராததுபோல் இருந்தது. பிறகு குறட்டை வந்தது. அது குறட்டையா, இழுப்பா? தெரியவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பங்களாவுக்கு எதிரேதான் நான் லோடு ஏற்றும் மண்டி; அங்கே போன் போட்டேன். பங்களாத் தோட்டக்காரரைக் கூட்டி வருகிறோம், பத்து நிமிடம் கழித்துப் பேசு என்றார்கள். அதற்குள் மாமாவுக்குக் கருமாதிவரை செய்து முடித்துவிட்டேன் (மனசில்தான்).

“வட்ட இலை, ஆரஞ்சுப் பூ. தின்னா என்னங்க ஆகும்?” என்றேன்.

“யாரு தின்னது?” என்றார் தோட்டக்காரர்.

“மாமனாருங்க.”

சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது.

“அது நாஸ்டர்ஷியம்ங்க. துரைமாரு வெச்ச பேரு. வாயில வருமா? நாங்க காரக்கொடிம்போம். என் தங்கச்சி இருக்கிற எஸ்டேட்ல மொளகுப்பூம்பாங்க. பங்களாக்காரங்க எலையப் பச்சையாவே திம்பாங்க, காய வினிகர்ல ஊறுகா போடுவாங்க. எங்களுக்குச் சளி புடிச்சா ரெண்டு எலை மெல்லுவோம். உங்க மாமா எத்தன எலை தின்னாரு?”

“ஒரு கிண்ணம்ங்க. அரைச்சு.”

சிரிப்பு நின்றது. “கிண்ணமா? எதுக்கும் எழுப்பிப் பாருங்க.”

ஓடினேன். உலுக்கினேன். “மாமா! மாமா!”

எழுந்து உட்கார்ந்தார். “என்ன மாப்ள, ஊடு பத்திக்கிச்சா?”

எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிரவில்லை.

“மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சுங்க,” என்றார்.

“அப்புறம் ஏனுங்க சாப்புட்டீங்க?”

“மொத நோம்பிக்கு வந்த மாப்ள கொண்டாந்தது. எப்படிங்க துப்பறது? கண்ணுல தண்ணி வந்துச்சு. நீங்க வேற எதுக்கவே உட்காந்து ‘எப்படிங்க’ன்னு கேக்கறீங்க.”

அத்தைக்கும் அம்மியில் வைத்தபோதே சந்தேகமாம். மலையில் விளைவது இப்படித்தான் போல என்று விட்டுவிட்டாராம். வீடே மரியாதையாக இருந்து ஒரு ஆளைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறது.

சாயங்காலம் டாக்டரிடமும் காட்டினோம். வயிறு கொஞ்சம் எரியும் என்றார். எரிந்தது. மறுநாள் அதுவும் போனது.

அன்றிலிருந்து நான் எதைக் கொண்டுபோனாலும் அந்த வீட்டில் முதல் வாய் எனக்குத்தான். பன்னானாலும் சரி, பலாச்சுளையானாலும் சரி. நான் விழுங்கும்வரை எல்லோரும் என் தொண்டையையே பார்ப்பார்கள்.

போன மாதம் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை இறக்கினேன். மாமாவுக்கு இப்போது எண்பத்து நாலு. ஒரு கிழங்கை எடுத்து வேட்டியில் துடைத்து நீட்டினார். “மாப்ள, உங்க வாய்ங்க.”

பச்சைக் கிழங்கு. கடித்தேன்.

“எப்படிங்க?” என்றார்.

“நல்லா இருக்குதுங்க மாமா.”