மஞ்சள் கறுப்பு மேகம்

"சிவப்பு வேணாமாம்" என்று தொலைபேசியை வைத்தாள் மார்லீன்.

விண்வெளித் தொலைநோக்கி அனுப்புவதெல்லாம் சாம்பல் படம்தான். கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியைப் பிடித்து அது அனுப்பும். பால்டிமோர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதற்கு நிறம் ஏற்றுவது மார்லீனின் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்குப் படியளக்கிற பணக்காரர் ஹில்ட்ரெத் அம்மையார், வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். இந்த விண்வெளித் தூசி மேகப் படம் அவருக்குப் பிடித்தால் நிறப்பிரிவு பிழைக்கும். பிடிக்காவிட்டால் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். அம்மையார் யாரோடும் பேசுவதில்லை. எல்லாம் செயலாளர் தாடியஸ் வழியாகத்தான்.

மார்லீன் சிவப்பைக் கழுவிவிட்டு நீலத்தை ஊற்றினாள். வானியலாளர் எமெரி ஓடி வந்தார்.

"என்னம்மா இது? நீள அலைக்குச் சிவப்பு, குட்டை அலைக்கு நீலம், அதுதானே நம்ம முறை? நீள அலையில ஒளிர்ற தூசிக்குப் போய் நீலம் போட்டிருக்கியே. காலுக்குத் தொப்பி மாட்டுன மாதிரி இருக்கு."

"மேடத்துக்கு அதான் பிடிக்குமாம், எமெரி. என் வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க?"

நீலம் குளிருகிறதாம். உள்ளூர் கால்பந்து அணியின் ஊதாவைப் போட்டுப் பார்த்தாள். அலுவலகமே கைதட்டியது. தாடியஸ் முகம் சுளித்தது தொலைபேசியிலேயே தெரிந்தது.

"ஊதான்னா மேடத்துக்குக் குமட்டும்ங்க. மஞ்சள் போடுங்க. நல்லாப் பளிச்சுன்னு. சுத்தி மையிருட்டா கறுப்பு."

போட்டாள். எமெரி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அச்சடித்த படத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், பரிமாறுகிற டார்லீன் நண்டு வடைத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது பிட்ஸ்பர்க் டீம் சட்டைக் கலர்தானே? நம்மளை மண்ணக் கவ்வ வெக்கிறவனுங்க. பால்டிமோர் தண்ணியக் குடிச்சுட்டு இதையா தூக்கிட்டு வர்றே?"

"வானத்துல இருக்கிற மேகம்டி இது."

"அப்போ அங்கேயே போய்ச் சாப்பிடு."

அதற்குப் பிறகு காவலாளிகூட அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மையார் கறுப்புக் கண்ணாடியோடு, தாடியஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து படத்தின் முன் நின்றார். தாடியஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மையார் கையை நீட்டிப் படத்தை மெல்லத் தடவினார்.

"வழவழன்னு அருமையா இருக்கு. உங்க பிரிவு இருக்கட்டும்மா."

மார்லீனுக்குப் போன உயிர் திரும்பியது. எமெரியும் மூச்சுவிட்டார்.

"ஆமா, என்ன கலர் போட்டிருக்கே?"

"நீங்க கேட்ட மஞ்சளும் கறுப்பும்தான், மேடம்."

அம்மையார் செயலாளர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"பார்வை போய் எத்தனையோ வருஷமாச்சு எனக்கு. அந்த மேகத்துல எங்க சூடு, எங்க குளிர்னு மட்டும் கேட்டுட்டு வாடான்னு அனுப்புனா, உங்க ஊர் டீம் சட்டையவா தெச்சு வாங்குனே, பிட்ஸ்பர்க்காரா?"