சுவரேறிய முள்ளம்பன்றி

மறுபடியும் ஒரு பூசணி போயிருந்தது. பாதியைத் தின்றுவிட்டு, மீதி நாளைக்கு இருக்கட்டும் என்பதுபோல் கவிழ்த்துப் போட்டிருந்தது. பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தது.

கொத்தனார் அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு, போன வாரம்தான் தோட்டத்தைச் சுற்றிக் கட்டி முடித்த சுவரைப் பார்த்தார். நெஞ்சு உயரம். நூல் பிடித்த நேர்.

"வேலி இருந்தப்ப வாரத்துக்கு ஒரு காய்தான் போச்சு. சுவர் கட்டினீங்க, இப்ப தினமும் போகுது," என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி.

"அடியில தோண்டி வருதும்மா. தோண்டுறதுல அது கெட்டி."

அன்று வேலை முடிந்து வந்தவர், சுவரோரமாக முழங்கால் ஆழம் பள்ளம் எடுத்து, ஜல்லியும் சிமென்டும் போட்டு இறுக்கினார். பகலெல்லாம் மாடிக்கு மேல் மாடியாகக் கலவை சுமந்த தோள். இன்னும் நாலு சட்டி முடியுமா என்று அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

மறுநாள் வெண்டை வரிசை மொட்டை.

தெருக்கோடியில் மளிகைக் கடைக்காரர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுற்றுச்சுவர் வேலை யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, கொத்தனார் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். அந்த வேலை கிடைத்தால் மாடி ஏற வேண்டாம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம், தரையில் நின்று செய்கிற வேலை. கொத்தனாரின் முட்டிக்கு அதைவிட நல்ல மருந்து எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

சுவருக்கு வெளியே சுற்றிலும் சலித்த மணலைத் தூவி வைத்தார். காலையில் போய்ப் பார்த்தால், வெளியே ஒரு காக்காய் நடந்த தடம் மட்டும். உள்ளே கத்தரிப் பாத்தி, சந்தை கலைந்த இடம் மாதிரி கிடந்தது.

"மணல்ல கால் படாம தாண்டிக் குதிக்குதும்மா."

"அது முள்ளம்பன்றியா, சிட்டுக்குருவியா?"

"சிரிக்காத. குட்டைக் காலு, முதுகு நிறைய சுமை. நான் ரெண்டு படி ஏறினாலே உட்கார இடம் தேடுறேன். அது இவ்வளவு உயரம் குதிக்குதுன்னா சும்மாவா?" அவர் குரலில் கோபமே இல்லை. நல்ல வேலைக்காரனைப் பார்த்த மரியாதைதான் இருந்தது.

சுவர் தலைக்கு மேல் உயர்ந்தது. பிடிமானம் கிடைக்காதபடி இரண்டு பக்கமும் வழவழவென்று பூசினார். சந்தேகத்துக்கு, பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவையும் எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்.

"துணி காயல. பக்கத்து வீட்டு அக்கா முகத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு. இதுக்கப்புறமும் அது வந்தா?" என்றாள் மனைவி.

வந்தது. கீரைப் பாத்தியை வேரோடு முடித்திருந்தது.

கொத்தனார் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். "சாரம் கட்டாம நானே இதுல ஏற முடியாது. இது யார்கிட்ட தொழில் கத்துச்சோ." பிறகு, தப்பிப் பிழைத்திருந்த ஒரே வெள்ளரிக்காயைப் பறித்து, பாத்தி ஓரத்தில் எடுத்து வைத்தார்.

"எதுக்கு?"

"அவ்வளவு ஏறி இறங்குது. பசிக்காதா?"

"என்னை ஒரு நாள் இப்படிக் கேட்டிருப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் மனைவியோடு வந்தார். சுவரைத் தட்டினார், தடவினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தார். முகத்தில் திருப்தி பரவிக்கொண்டு வந்த நேரத்தில், கொத்தனாரின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"சுவர் நல்லாத்தான் இருக்கு. அந்த முள்ளம்பன்றிதான் இதை மதிக்க மாட்டேங்குது."

கடைக்காரர் சுவரிலிருந்து கையை எடுத்தார். "முள்ளம்பன்றியே தாண்டுதா? அப்ப திருடன் கையை வீசிக்கிட்டு வருவானே."

கொத்தனார் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் எதிராளியின் திறமையைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. "சுவர்ல குறை இல்லீங்க முதலாளி. அது அப்படிப்பட்ட ஆளு. வெளியில ஒரு தடம் பதியாம, இந்த வழுக்குற பூச்சுல ஏறி வருது. எனக்குத் தெரிஞ்ச எந்த மேஸ்திரியாலயும் முடியாது."

"அதோட கெட்டிக்காரத்தனத்துக்கு நான் கூலி குடுக்க முடியுமா?" கடைக்காரர் செருப்பைத் தேடினார். கொத்தனாரின் முட்டி, யாரும் தொடாமலே வலித்தது.

கடைக்காரரின் மனைவி மட்டும் கிளம்பவில்லை. தோட்டத்து மூலையில், பழைய சென்ட்ரிங் பலகைகள் அடுக்கியிருந்த இடத்தில் மண்டியிட்டு, அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பேசாம இவருக்கே வேலையைக் குடுங்க. இங்க குட்டியும் குடும்பமுமா கிடக்கு. பாவம், சுவர் எழும்பின நாள்லேருந்து ஒண்ணாலயும் வெளிய போக முடியல போல."