அர்த்தம் சார் என் பெயருக்குச் சொன்ன அர்த்தம்

திருச்சி ஜில்லாவில் பெயர் என்று ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த ஒரு மனிதரைக்கூட அர்த்தம் சார் விட்டுவைத்ததில்லை. காந்தி மார்க்கெட் பக்கத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸ். அவர் புக்கிங் கிளார்க், நான் டைப்பிஸ்ட். மூட்டையோடு வந்து நிற்பவரிடம் எந்த ஊருக்கு என்று கேட்கத்தான் அவருக்குச் சம்பளம். அவர் கேட்டதோ, “பேர் என்ன?” சொன்னால் தீர்ந்தது. அது எந்த பாஷையில் பிறந்தது, எந்த தேசத்தில் எப்படித் திரிந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று பிரசங்கம் முடிந்த பிறகே ரசீது கிழிப்பார். அதற்குள் வரிசை தெருமுனை வரை போய்விடும். பிஞ்சாக வந்த வெண்டைக்காய் முற்றிவிடும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். அந்தத் தடத்தில் ஓடிய கண்டக்டர்கள் எல்லோருக்கும் விளக்கம் ஆகிவிட்டதால், அவரைக் கண்டாலே டிக்கெட்டை எட்டி நின்று நீட்டுவார்கள். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. பதில் முடிய மறுநாள் ஆகிவிடுமோ என்று பயம்.

வாழைத்தார் வியாபாரி சின்னப்பன் என்று ஒருவர் வருவார். ஆள் வாசலை அடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். “ஓய், வெள்ளைக்காரன் பால்னு பேர் வெச்சுக்கறானே, அதுவும் உம்ம பேரும் ஒண்ணுதான். லத்தீன்ல சின்னவன்னு அர்த்தம். உங்க பாதிரிமார் அதை அப்படியே தமிழாக்கிட்டா. ஆனா உம்மைப் பார்த்தா நம்ப முடியலையே” என்று சொல்லி, மூட்டை நிறுக்கும் தராசில் அவரை ஏற்றி நிறுத்தினார். அன்றிலிருந்து அந்தத் தராசு உருப்படவில்லை. சின்னப்பன் தார்களை வேறு ஆபீஸுக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு நாள் லோடுமேன் சூசைக்கும் தோல் மண்டி யூசுப் பாய்க்கும் வாசலில் கைகலப்பு. அர்த்தம் சார் நடுவில் போய் நின்றார். “ரெண்டு பேருக்கும் ஒரே பேர்தான் ஓய். வெள்ளைக்காரன் ஜோசப்ங்கறான், அவா யூசுப்ங்கறா, நீங்க சூசைங்கறேள். உம்ம பேரை நீரே திட்டிக்கறீரே.” சண்டை நின்றது உண்மைதான். இருவரும் சேர்ந்து அவரைத் துரத்தினார்கள்.

துணிக்கடைக்காரர் ஒருவர் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஆபீஸுக்கு ஜாங்கிரி கொண்டுவந்தார். “பாப்பாவுக்கு மேரின்னு பேர் வெச்சிருக்கோங்க.” அர்த்தம் சார் ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே, “மரியம்தான் மேரி ஆச்சு. எபிரேய பாஷையில கசப்புன்னு அர்த்தம் சொல்றா” என்றார். மனிதர் டப்பாவை மூடினார். எனக்கு நீட்டிய ஜாங்கிரி பாதி வழியில் திரும்பிப் போனது. பெண் பிறந்ததற்கு ஒருவர் இனிப்புக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதையும் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஏனென்றால் என் பெயர் போதும்பொண்ணு. துறையூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரை வைத்துவிடுவது எங்கள் பக்க வழக்கம். சாமிக்கு அது மனுப் போட்ட மாதிரி. நான் ஐந்தாவது. மனு பலித்தது. அடுத்தது தம்பி பிறந்தான், ராஜா என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்த கடப்பாரையை மூலையில் சாத்துகிற மாதிரி என்னைச் சாத்திவிட்டார்கள். அந்த மூலையிலிருந்து நானே எழுந்து, பாலக்கரையில் அக்கா வீட்டில் தங்கி, டைப் படித்து வேலைக்கு வந்தேன்.

வேலையில் சேர்ந்த அன்று அர்த்தம் சார் பெயரைக் கேட்டார். சொன்னேன். “ம்” என்று பேனாவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஊரில் நாய்க்கு வைத்த பெயருக்குக்கூட அர்த்தம் சொல்கிறவர், எனக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார். என் பெயருக்கு லத்தீனும் தேவையில்லை, எபிரேயமும் தேவையில்லை. தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார் என்று நினைத்து, வெகுநாள் அவரை மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

அப்போது உறையூரில் ஒரு வரன் வந்தது. தவிட்டுக் கடைக்காரர் மகன். எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம். பெண் வேலை செய்யும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று பையனின் அப்பா ஒரு நாள் ஆபீஸுக்கே வந்தார். கூட என் அப்பாவும் வந்தார். இருவரும் பார்சல் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள்.

“எல்லாம் பிடிச்சிருக்குங்க” என்றார் தவிட்டுக் கடைக்காரர். “வீட்ல அவங்களுக்குத்தான் இந்தப் பேரு உறுத்துது. போதும்னு பேரு வெச்ச பொண்ணு வந்தா, வம்சமும் அதோட போதும்னு நின்னுடுமோன்னு பயப்படறாங்க.”

“பேரை மாத்திக்கிறேங்க” என்றேன்.

“பேரை மாத்தலாம்மா. வெக்கிறப்ப நெனச்ச நெனப்பை எப்படி மாத்தறது?”

கவுண்டரில் ரசீது எழுதிக்கொண்டிருந்த அர்த்தம் சார் பேனாவை மூடினார். எழுந்து வந்தார். “யார் ஓய் சொன்னா போதும்னு? அது போதம். ஞானம்னு அர்த்தம். புத்தர் உக்காந்த மரம் போதி மரம் இல்லையோ, அதே வேர்தான். சிலோன்ல, பர்மால, சயாம்ல ராஜ வம்சத்துப் பொண்களுக்குத்தான் இந்தப் பேரை வெப்பா. போதப்பொண்ணுங்கறது நம்ம ஜனங்க வாயில போதும்பொண்ணுன்னு ஆயிடுத்து.”

“ஞானமா?” தவிட்டுக் கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப சரஸ்வதின்னு சொல்லுங்க.”

நானும் நம்பினேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு முதுகு நிமிர்ந்திருந்தது.

என் அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் வயலின் வரப்பை யாரோ நகர்த்திவிட்ட மாதிரி எழுந்தார். “அந்தக் கதையெல்லாம் இல்லீங்க. பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கற வழக்கம் எங்ககிட்ட கெடையாது. இதுவும் பொட்டையான்னு நொந்துபோயி, பொண்ணு போதும் சாமின்னு நான்தான் வெச்சேன். சாமி கேட்டுச்சு. அடுத்தது பையன்.” இதை அவர் பெருமையாகச் சொன்னார்.

தவிட்டுக் கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “யோசிச்சுச் சொல்லி அனுப்பறோங்க” என்றார். சொல்லி அனுப்பவில்லை. அப்பா மார்க்கெட்டில் தம்பிக்குச் சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டு துறையூர் பஸ் ஏறினார். என்னிடம், “உன் ராசி அப்படி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் முழுக்க அர்த்தம் சார் ஒருவரிடமும் பெயர் கேட்கவில்லை. எந்த ஊர், எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். வரிசை மளமளவென்று கரைந்தது. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று வியாபாரிகள் என்னிடம் வந்து விசாரித்தார்கள்.

மெஷினுக்கு உறை போடும்போது கேட்டேன். “சார், போதம்னு சொன்னீங்களே, நிஜந்தானா?”

“சுத்தப் பொய்ம்மா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “உங்கப்பா நடுவுல வரலைன்னா நானே நம்பியிருப்பேன்.”

அதன் பிறகு எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பெயரையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் ரிடையர் ஆகும்வரை அவர் என்னைப் “போதம்மா” என்றே கூப்பிட்டார். யாராவது திருத்த வந்தால், சயாம் ராஜகுமாரிகளை அழைத்துக்கொண்டு சண்டைக்குப் போவார். எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கலாம் என்று பெற்றவருக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. அப்பாவிடம் எனக்கு வராத பிரியம் அந்த வாயாடி மனிதர்மேல் இன்றைக்கும் இருக்கிறது.